அறைச் சத்தம்

பன்னிரண்டாவது திரைப்பட விழாவின் பதில் வந்தபோது கெல்சி மார்ஃப்லீட், தான் வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு மணி ஷிப்ட், பத்தேகாலுக்கு இருபது நிமிடம் இடைவேளை. குளிர் அறையில் நான்கு மணி நேரம் நின்றால் வலது கால் மட்டும் ஏனோ வீங்கிவிடும். முதல் பதினொரு கடிதங்களும் "இந்த ஆண்டு வந்த படங்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்றுதான் தொடங்கின. போனைத் திறந்தவுடன் அந்த வரியைத்தான் தேடினாள். அது இல்லை.

அவளுடைய படத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். லீட்ஸ் நகரில், அக்டோபர் மாதம், சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, குறும்படத் தொகுப்பில் கடைசிப் படமாக. தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஃபிலிப்பா என்ற பெண் கீழே தனியாக நாலு வரி எழுதியிருந்தார். கடைசி ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தோம், கேனரின் முகத்தில் நடப்பதைப் பற்றி இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், கேனரும் வருவாரா, இறுதிப் பிரதி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

கெல்சி இரண்டு தடவை படித்தாள். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். வருவது போலத்தான் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்தக் கடைசி நிமிடம் எடுக்கப்பட்டது கேனருக்குத் தெரியாது.

கேனர் முப்பது வருடமாக ஃப்ரீமன் தெருவில் ஒரு டாக்ஸி ஆபீஸின் மாடியில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிற பெண்மணி. கிரிம்ஸ்பி ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. பிரசவத்துக்குப் போனவர்கள், குடித்துவிட்டு வீட்டு முகவரியை மறந்தவர்கள், முதல் நாள் வேலைக்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் அந்தக் குரலோடு பேசியிருக்கிறார்கள். முகவரியை மறந்தவனுக்கு அவனுடைய வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். கெல்சி செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் படம் எடுக்கக் கற்றவள். வகுப்பு முடிந்தபின் கடன் வாங்கிய கேமராவோடு பிப்ரவரியில் ஆறு நாள் அந்த மாடிக்குப் போனாள். பதினான்கு நிமிட ஆவணப்படம். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வகுப்பில் முதல் மாதமே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஓர் இடத்தில் படமெடுத்து முடித்ததும், யாரும் கிளம்புவதற்கு முன் எல்லோரும் அசையாமல் நின்று, அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். எந்த அறையும் உண்மையில் அமைதியாக இருப்பதில்லை. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அந்தச் சத்தத்தை வைத்து அடைக்காவிட்டால் காதுக்குக் குழி விழுந்தது போலத் தெரியும். கெல்சி எதையும் வரிசை எண் போட்டுச் செய்கிறவள், ஏனென்றால் தன் ஞாபகத்தை அவள் நம்புவதில்லை. அவளுடைய நோட்டில் இப்படி இருந்தது: ஒன்று, கேமராவை நிறுத்து. இரண்டு, சொல்லு. மூன்று, அறுபது வரை எண்ணு.

ஆறாவது நாள் முதல் வரியை விட்டுவிட்டாள். அன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல் போயிருந்தாள். கடைசிக் கேள்வியாக, சுவரில் சாவி மாட்டும் பலகையில் பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் வண்டி இருக்கிறதே, பதினான்கு ஏன் இல்லை என்று கேட்டாள். கொக்கி இருந்தது, எண் இருந்தது, சாவி இல்லை. கேனர் சிரித்துவிட்டு, வேற கேளு கண்ணு என்றார். வேறு கேட்க எதுவும் இல்லாததால், முடிஞ்சுது, இனிமே சத்தம் மட்டும்தான், நீங்க எதுவும் பண்ண வேணாம், சும்மா உட்காருங்க என்று சொல்லிவிட்டு, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அறுபது எண்ணினாள். கேமரா மூன்று காலில் நின்று ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து அதைக் கண்டுபிடித்தவன் டோமஸ். லிதுவேனியாக்காரன், குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், படத்தொகுப்பு செய்துகொடுப்பவன். திரையில், சிரிப்பு முடிந்த முகம் மெல்ல இறங்கியது. கண் பலகைக்குப் போயிற்று, பதினான்காம் கொக்கியில் நின்றது. பிறகு அந்த முகத்தில் ஏதோ நடந்தது. கெல்சி அதற்குப் பெயர் வைக்கப் பலமுறை முயன்று விட்டுவிட்டாள்.

அதைச் சேர்க்கக் கூடாது என்று அவள்தான் முதலில் சொன்னாள். முதல் ஒன்பது விழாக்களுக்குப் போன படத்தில் கேனர் சிரிப்பதோடு முடியும். ஒன்பதும் திரும்பி வந்தபின் ஒரு நாள் டோமஸ், "நீ எடுத்ததுலயே நல்ல ஷாட் இது. அதுவும் நீ பாக்காதப்ப எடுத்தது," என்றான். அது குத்தலா பாராட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குக் களைத்திருந்தாள், சரி போடு என்றாள். முதல் நாளே கேனர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், எடுத்த எதையும் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது சாப்பாட்டு அறையில் பூட்ஸை மாட்டும்போதும் அதையே சொல்லிக்கொண்டாள். சட்டப்படி சரி. அந்த வார்த்தையை எத்தனை தடவை சொன்னாலும் அது அங்கேயே நின்றது.

புதன்கிழமை மத்தியானம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் டாக்ஸி ஆபீஸில் கூட்டம் குறைவு, பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருக்கும். அந்த நேரமாகப் பார்த்து கெல்சி மடிக்கணினியோடு மாடி ஏறினாள். கீழே மீன் வறுக்கும் கடை. அதன் புகைபோக்கி விசிறி கேனரின் சுவருக்குப் பின்னால்தான் ஓடும். இரும்புச் சட்டியை யாரோ ஓயாமல் உருட்டுவது போன்ற சத்தம். கேனருக்கு அது கேட்பதே இல்லையாம், நின்றால்தான் கேட்குமாம்.

விழாவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னதும் கேனர் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். அப்போதும் ஒரு கை ரேடியோவின் பொத்தானில்தான் இருந்தது.

"கேனர், ஒன்பதாம் நம்பர் வண்டி பேசறேன். ஸ்கார்த்தோல ஒருத்தர் வாஷிங் மெஷினோட நிக்கறாரு. ஏத்தவா வேணாமா?"

"ரெண்டு பேருக்கும் சீட் பெல்ட் போட முடியுமான்னு பாரு. முடிஞ்சா ஏத்து. இப்பக் கொஞ்ச நேரம் என்னக் கூப்பிடாத, நான் சினிமா ஸ்டார் ஆயிட்டேன்."

"அப்ப டீ யாரு போடுவா?"

"உன் பொண்டாட்டி," என்று சொல்லி கேனர் ஒலியைக் குறைத்தார்.

படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். தன் குரல் கேட்கும் இடங்களில் தலையைக் குனிந்துகொண்டார், மற்றவர்கள் பேசும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தார். பத்து நிமிடத்துக்குள் ஐந்து அழைப்புகளை எடுத்தார், ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்தச் சொன்னார், திரும்ப விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னார். கெல்சி அவருக்குப் பின்னால் நின்றாள். முன்னால் நிற்கத் தைரியம் வரவில்லை.

கடைசி நிமிடம் வந்தது. திரையில் இருந்த கேனரும் நாற்காலியில் இருந்த கேனரும் அசையவில்லை. மேஜையில் போன் அடித்தது. கேனர் அதை எடுக்கவில்லை. பதினொரு தடவை அடித்து நின்றது. ஆறு நாள் அந்த அறையில் இருந்த கெல்சி, ஒரு அழைப்பு எடுக்கப்படாமல் போனதை அதுவரை பார்த்ததில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. கேனர் மடிக்கணினியை மூடினார், அது ஏதோ சூடான பாத்திரம் போல மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"சத்தம் மட்டும்தான்னு சொன்னியே."

கெல்சி நடந்ததைச் சொன்னாள். மறந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, பிறகுதான் தெரிந்தது. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. மறந்தது ஒரு நாள்தான். தெரிந்தபின் வைத்துக்கொண்டது ஆறு மாதம்.

"மறந்தது பெரிசில்ல கண்ணு. அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்."

பிறகு கேனர் பதினான்கைப் பற்றிச் சொன்னார், ரேடியோவில் இடம் சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல். பதினான்காம் எண் கீத் என்ற டிரைவருடையது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை. நெஞ்சு என்னமோ போல இருக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று கீத் சொன்னார். நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு சவாரி, அதை மட்டும் முடித்துவிட்டுப் போ என்று கேனர் கெஞ்சினார். கீத் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தார், பயணியை இறக்கினார், அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். அவருடைய மனைவி பாலினிடம் கேனர் சொன்னது வேறு. கீத்தே இன்னொரு சவாரி கேட்டார், நான் வேண்டாமென்றேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வாயில் அதுதான் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இருவரும் சேர்ந்து பிங்கோ ஆட்டத்துக்குப் போகிறார்கள். இந்தப் படத்தைப் பார்க்கப் பாலினைத்தான் கூட்டிப் போவதாக இருந்தார்.

"என் மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிடும். பத்து வருஷமா அவகிட்ட நான் காட்டாத மூஞ்சி அது."

எடுத்துவிடுகிறேன் என்று கெல்சியால் உடனே சொல்ல முடியவில்லை. வாய் திறந்தது. ஃபிலிப்பாவின் நாலு வரி நடுவில் வந்து நின்றது.

கேனர் அதைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு." போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். ஊருக்குத் தெரிந்த அந்தக் குரலில், எங்கேம்மா போகணும் என்று கேட்டார்.

கெல்சி பஸ்ஸில் போகவில்லை, நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அழுது, மிரட்டி, கிழித்துப் போடு என்று சொல்லியிருந்தால் அவள் ஒரு வேளை எதிர்த்துக்கூட நின்றிருப்பாள். உனக்கு எது சரியோ என்று விட்டுவிட்டால் எங்கே பிடித்துக்கொள்வது.

வியாழன் சாயங்காலம் டோமஸின் அறையில் உட்கார்ந்து அந்த நிமிடத்தைப் பதினேழு தடவை பார்த்தாள். எண்ணினாள், அவளால் எண்ணாமல் இருக்க முடியாது. பாலினைக் கூட்டி வராமல் இருந்தால் போதாதா என்று டோமஸ் கேட்டான். அதையும் அவள் யோசித்திருந்தாள். படம் ஓர் இடத்தோடு நிற்காது, இணையத்துக்குப் போகும், யாராவது அனுப்புவார்கள். ஆனால் காரணம் அது இல்லை என்பது பதினேழாவது தடவையில் தெரிந்தது. முதல் பதினாறு தடவையும் அவள் கேனரைப் பார்த்தாள். பதினேழாவது தடவை, சட்டகத்துக்கு வெளியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற தன்னைப் பார்த்தாள். சத்தம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு நின்றவள்.

"படத்த எடுத்துடு. சத்தத்த மட்டும் விட்டு வை."

"கறுப்பா? ஒரு நிமிஷம் முழுக்கவா?"

"நான் சொன்னது அதுதானே. சத்தம் மட்டும்தான்னு."

"ஜனங்க மெஷின் ரிப்பேர்னு நெனப்பாங்க மேடம்," என்றான் டோமஸ். ஆனாலும் செய்தான்.

விழாக்காரர்களுக்கு எழுதினாள். பதில் அன்பாகவே வந்தது. முடிவை மதிக்கிறோம் என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த இன்னொரு கடிதத்தில் நேர மாற்றம் இருந்தது. சனிக்கிழமை மாலை ஏழரை இப்போது சனிக்கிழமை காலை பத்து இருபது. ஃபிலிப்பா அதன் பிறகு தனியாக எதுவும் எழுதவில்லை. கெல்சி புதுப் பிரதியைக் கேனருக்கு அனுப்பினாள். ஒரு வரிப் பதில் வந்தது: "ரெண்டு டிக்கெட் எடுத்து வை."

லீட்ஸில், முன்பு தேவாலயமாக இருந்த கூடம் அது. நூற்றிருபது நாற்காலி, பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் மற்ற படங்களை எடுத்தவர்கள், தங்கள் படம் முடிந்ததும் வெளியே போகப் பையை மடியில் வைத்திருந்தார்கள். கேனர் நீலக் கோட்டு போட்டு, தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். பாலின் சின்ன உருவம், பெரிய கைப்பை. பைக்குள் முட்டை சாண்ட்விச் ஆறு பேருக்குக் காணும். கெல்சியைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டி, நீ ஏன் இப்படி வெளிறிக் கிடக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

படம் நன்றாகத்தான் போயிற்று. வாஷிங் மெஷின்காரர் மாதிரி படத்திலும் ஒருவர் உண்டு, உயிருள்ள வாத்தோடு வந்தவர், அதற்குச் சிரித்தார்கள். பிறகு கேனரின் சிரிப்பு, பிறகு திரை கறுத்தது. விசிறி ஓடியது. நாற்காலி ஒரு தரம் கிரீச்சென்றது. தெருவில் எங்கோ ஒரு லாரி பின்வாங்கியது.

இருபது விநாடியில் ஒருவர் இருமினார். முப்பதில் முன்வரிசை ஆள் ஒருவர் பின்னால் திரும்பி, மேலே படம் ஓட்டும் அறையின் கண்ணாடி ஜன்னலுக்குக் கை காட்டினார். நாற்பதில் அவர் எழுந்தே போய்விட்டார். கெல்சிக்கு எழுந்து, இல்லை, இது இப்படித்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது, விநாடியை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்தில் கூடத்து விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரிந்தன, சத்தம் நின்றது.

எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பாதவர்கள் இரண்டே பேர். பாலின் கண்களை மூடி, தலையைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்து, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்பது போல உட்கார்ந்திருந்தார். கேனர் திரையைப் பார்க்கவில்லை, பாலினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கெல்சிக்குத் தெரியும். பதினேழு தடவை பார்த்த முகம். அவள் சட்டென்று தரையைப் பார்த்தாள்.

மன்னிக்கணும், கோளாறு என்று நினைத்துவிட்டோம் என்று யாரோ மைக்கில் சொன்னார்கள். கொஞ்சம் கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி வந்தது, வாத்து எங்கே போயிற்று என்று.

திரும்பும் வழியில் டான்காஸ்டரில் வண்டி மாற வேண்டும். இரண்டாவது ரயிலில் நாலு பேர் இருக்கையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பாலின் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டு வைத்தார். தோர்ன் ஸ்டேஷன் தாண்டியது. கெல்சி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எட்டு மாதம், பன்னிரண்டு விழா, பத்தொன்பது பேர், நாற்பத்தைந்து விநாடி. திங்கள் காலை ஆறு மணி ஷிப்ட்.

"எனக்கு அந்தக் கடைசிதான் பிடிச்சுது," என்றார் பாலின், விரலில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டே. "அந்த இருட்டு. என்ன சத்தம் அது, கேனர், கீழ மீன் கடை விசிறியா?"

"ஆமா."

"கீத் ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஃபோன் பண்ணும்போதெல்லாம் பின்னாடி அது ஓடும். இப்பக் கிளம்பறேன்னு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும், கிளம்பப் போறான்னு. பத்து வருஷமாச்சு அதக் கேட்டு." அவர் கெல்சியின் பக்கம் திரும்பினார். "லைட்டப் போட்டானே, முட்டாப்பய. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும்ல?"

"பதினஞ்சு விநாடி," என்றாள் கெல்சி. "பிரதி அனுப்பறேன். முழுசா இருக்கு."

கேனர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் காகிதத்தின் மேல் திரும்ப வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், வயல் தட்டையாக ஓடியது. பிறகு கெல்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. மடியில் கெல்சியின் பை, பைக்குள் ரெக்கார்டர், எப்போதும் போல.

"பாலின்," என்றார் கேனர். ஊருக்குத் தெரிந்த குரல் இல்லை அது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வெள்ளிக்கிழமையப் பத்தி."

கெல்சி எழுந்தாள். டீ வாங்கிவருகிறேன் என்று சொன்னாள். அந்த ரயிலில் டீ விற்பதில்லை என்பது மூவருக்கும் தெரியும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டிகளைக் கடந்து, கதவோரம் போய் நின்றாள். அங்கே சக்கரச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வலது கால் வீங்க ஆரம்பித்திருந்தது. ஸ்கன்தோர்ப் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கிரிம்ஸ்பி வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.